ரேடியேட்டருக்குப் போட்ட பூட்டு

எங்கள் காரின் ரேடியேட்டரிலிருந்து யாரோ தண்ணீர் திருடுகிறார்கள் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். காலையில் கழுத்துவரை ஊற்றி ஆபீஸ் போய் வருவேன். மறுநாள் மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் இருட்டு. தரையில் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. ஒழுகியிருந்தால் தரை நனைந்திருக்கும், நனையவில்லை, ஆகவே திருட்டு. படித்தவனல்லவா, இவ்வளவு கோவையாகத்தான் முட்டாள்தனம் வரும்.

வேறு சமயமாக இருந்தால் விட்டிருப்பேன். அந்தப் புதன்கிழமை கொள்ளேகாலில் என் மச்சினிக்குக் கல்யாணம். மைசூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். பெண்ணைப் பஸ்ஸில் அனுப்பிவிடச் சொல்லி மாமனார் எழுதியிருந்தார். காரிலேயே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று நான் வீராப்பாகப் பதில் போட்டுவிட்டேன். பல கை மாறி வந்த வண்டி அது. அதன்மேல் மாமனாருக்கு மதிப்பு குறைவு. என்மேல் அதைவிடக் குறைவு. தண்ணீரில்லாமல் இஞ்சின் காய்ந்து வழியில் நின்றால், முகூர்த்த நேரத்தில் கல்யாணப் பெண் ஏதாவது புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். நான் அதற்கப்புறம் கொள்ளேகால் பக்கமே தலைகாட்ட முடியாது.

முதலில் சைக்கிள் சங்கிலியை பானெட்டைச் சுற்றிக் கட்டிப் பூட்டுப் போட்டேன். மறுநாளும் தண்ணீர் குறைந்திருந்தது. திருடனிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவுசெய்தேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் ஒரு குமாஸ்தா. தினமும் விடிந்ததும் செம்பும் கையுமாகத் தம் செவந்திச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். ஊரில் குழாயே இல்லாததுபோல நான் அந்தச் செம்பையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாலை எனக்கு ஒரு யோசனை உதித்தது. மனைவி வெள்ளைத் துணிக்குப் போட வைத்திருந்த நீலப்பொடியில் ஒரு பொட்டலத்தை எடுத்து ரேடியேட்டரில் கொட்டினேன். தொட்டவன் கையில் நீலம் ஒட்டும், தப்ப முடியாது. கலக்கிவிடுவதற்காக வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டியும் வந்தேன்.

மறுநாள் ஞாயிறு என்பதை மறந்துவிட்டேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் ஆபீஸ்காரர்கள். வாரம் முழுக்கக் கட்டிய வெள்ளைத் தலைப்பாகையையும் வேட்டியையும் ஞாயிற்றுக்கிழமைதான் துவைத்து நீலம் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கை நீலம். அவர் மாமியார் கை நீலம். எதிர்வீட்டில் இரண்டு பேர் கை நீலம். தெருவே கூட்டுக் கொள்ளைக்காரர்களாக எனக்குத் தெரிந்தது. குசலம் விசாரிக்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஏன் ஸ்வாமி, கைரேகை கத்துக்கறீங்களா? ஆயுசு ஸ்வல்ப ஜாஸ்தியாவே சொல்லிடுங்க," என்றார் அவர்.

வீட்டுக்குள் வந்தால் என் மனைவி கையும் நீலம். பொட்டலம் ஒன்று எப்படிக் குறைந்தது என்று அவள் கேட்க, எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. மச்சினி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மச்சான், நான் பஸ்ஸுலயே போயிக்கறனுங்க. உங்க காருக்கு நீங்க காவல் இருங்க."

கல்யாணப் பெண்ணின் குரலில் சிரிப்பு பாதிதான் இருந்தது. மீதி பயம்.

மனைவி சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்து, பானெட்டைத் தூக்கிக் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, ஊரார் கையெல்லாம் பார்த்தது போதுமுங்க. இங்க வந்து பாருங்க. இந்தக் குழாய் இடுக்குல நீலமாக் கசிஞ்சு காஞ்சு கெடக்குது."

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் இஞ்சினுக்குள் போகிற குழாய் அது. மேனிஃபோல்டு என்பார்கள். எங்கள் வண்டியில் அதைச் சூடாக்க அதன் உறைக்குள் வெந்நீர் ஓடும். அது இஞ்சினோடு சேருகிற இடத்தில் ஒரு நீலக்கோடு, யாரோ மை தீட்டிவிட்டதுபோல.

மெக்கானிக் அன்று மத்தியானமே வந்தார். நீலத்தைப் பார்த்து அசந்துபோனார். "யார் ஸார் இதைப் போட்டது? இல்லேன்னா தேடறதுக்கே அரை நாள் ஆயிருக்கும்."

நான்தான், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் போட்டேன் என்றேன். மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன, இடுக்கில் கசியாமலிருக்க வைக்கிற கேஸ்கெட் அட்டை மக்கிப்போயிருந்தது. கசிந்த தண்ணீர் சூட்டு இரும்பில் விழுந்து ஆவியாகிப் போனதால் தரைக்கு வரவேயில்லை. பழையதைச் சுரண்டி எடுத்து, புதுக் கேஸ்கெட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரம்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஒரே சீராக முடுக்கினார். செவ்வாய்க்கிழமை காலை மைசூரை விட்டுக் கிளம்பினோம். கொள்ளேகால் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மச்சினி அவள் அப்பா வீட்டு வாசலில் இறங்கினாள்.