கருவாடு பார்க்க நோர்வேக்கு

பிலோமினா அக்காவின் விசா முதல் தடவை மறுக்கப்பட்டதற்கு முழுக் காரணமும் நான்தான். மன்னார் டவுனில் இருபத்தைந்து வருடம் டிக்கெட்டிங் செய்தவன் என்ற முறையில், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என் கெட்டித்தனங்களைக் கேட்க ஆளிருந்தால் பிறகு சொல்லலாம்.

1. அழகான பிளான்

நான் மன்னாருக்குப் பக்கத்திலுள்ள தாராபுரத்துக்காரன். எங்கள் கந்தோரில் ஓடியதெல்லாம் உம்ரா பெக்கேஜ், கட்டார், டுபாய் டிக்கெட், சென்னைக்கு மருத்துவப் பயணம். வடக்கு என்றால் எனக்கு யாழ்ப்பாணம் வரைதான் தெரியும். அப்படியிருக்க, ஒரு மாசி மாதம் பேசாலையிலிருந்து பிலோமினா அக்கா வந்து முன் கதிரையில் இருந்தார். கடற்கரையில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடி நடத்துகிறவர். புருஷன் இல்லை, பிள்ளைகள் கலியாணம் கட்டிவிட்டார்கள்.

"நானா, நான் நோர்வேக்குப் போகோணும். தம்பி அங்க இருக்கிறான்." முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தம்பி அன்ரன் சண்டைக் காலத்தில் அகதியாகப் போனவர். நோர்வேயின் வடக்கே லொஃபோட்டன் என்ற தீவுகளில் மீன் ஆலையொன்றில் வேலை. அக்காவும் தம்பியும் நேரில் கண்டு இருபத்தெட்டு வருடம். இப்போது தம்பிக்குத் தொண்டையில் புற்றுநோய். சித்திரைக் கடைசியில் ஒப்பரேஷன் செய்து குரல்வளையை எடுக்கப் போகிறார்கள்.

"போனில கதைக்கிறீங்கள்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"போனில கதைக்கிறது ஒரு கதையா நானா? எனக்கு முன்னால இருந்து அவன் ஒருக்கா 'அக்கா' எண்டு கூப்பிடோணும். பிறகு டொக்டர் எதை வெட்டினாலும் வெட்டட்டும்."

விஷயம் இவ்வளவுதான். இதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் போதும். ஆனால் எங்கள் ஊரில் விசா வேலை செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அகதியாகப் போன தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்றால் இவரும் அங்கேயே நின்றுவிடுவார் என்று விசா கொடுப்பவர்கள் நினைப்பார்கள். நோயாளி என்றால் பராமரிக்கப் போய் வரமாட்டார் என்பார்கள். அதனால் சொந்தத்தை மறை, சுற்றுலா என்று போடு. சண்டைக்காலச் செக்பொயின்ரில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு சொல் கூடச் சொன்னால் ஐந்து கேள்வி கூட வரும் என்பதுதான் நாங்கள் படித்த படிப்பு.

"அக்கா, தம்பியை விடுங்கோ. நீங்கள் இடம் பார்க்கப் போறீங்கள்," என்றேன்.

இரண்டு நாள் இன்டர்நெட்டில் கிடந்து பிளான் போட்டேன். ஒஸ்லோவில் துருவக் கடலுக்குப் போய்வந்த பழைய கப்பல். அங்கிருந்து ரயிலில் பேர்கன். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் இடத்தில் படகுச் சவாரி. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடப் பழமையான மரத் தேவாலயம். கடைசி இரண்டு நாளை லொஃபோட்டனில் சொருகினேன். காரணம் வேண்டுமே! அங்கே மரச்சட்டங்களில் மீனைத் தொங்கவிட்டுக் காயவைப்பது புகழ்பெற்ற காட்சி என்று படித்தேன். அதையே எழுதினேன். கலர் பிரின்ட் எடுத்துப் பார்த்தபோது எனக்கே போக ஆசை வந்தது.

அக்கா அந்த இடங்களின் பெயரையெல்லாம் ஜெபம் பாடமாக்குவது போலப் பாடமாக்கினார்.

2. ஒரு தொலைபேசி அழைப்பு

பங்குனி நடுவில் விசாப் பகுதியிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. தமிழில் கதைக்கும் ஒரு பெண். அன்று பின்னேரமே அக்கா கந்தோருக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

"என்ன தொழில் எண்டு கேட்டவ. கருவாடு எண்டன். லொஃபோட்டனில ரெண்டு நாள் என்ன பார்க்கப் போறீங்கள் எண்டு கேட்டவ. மீன் காயப்போடுறதை எண்டன்."

முற்றம் முழுக்க மீன் காய்கிற பேசாலைப் பொம்பிளையை, மீன் காய்வதைப் பார்க்க உலகத்தின் நுனிக்கு அனுப்பப் பார்த்திருக்கிறேன்!

"பிறகு?"

"அங்க உங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டவ. இல்லை எண்டன். திரும்பவும் கேட்டவ. திரும்பவும் இல்லை எண்டன்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இயேசுவைப் பேதுரு மறுதலிச்ச மாதிரி என்ர தம்பியை மறுதலிச்சுப் போட்டன் நானா."

பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. பயணத்தின் நோக்கம் நம்பத்தக்கதாக இல்லையாம். அவர்கள் சொன்னதில் பிழையில்லை.

3. அக்கா சொன்ன கடிதம்

இரண்டாம் தடவை அக்கா பிளானைத் தொடவே இல்லை. "நான் சொல்லுறன், நீங்கள் இங்கிலீசில எழுதுங்கோ. ஒண்டையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றார்.

தம்பியின் பெயர், நோய், ஒப்பரேஷன் திகதி. முதல் தடவை பயத்தில் பொய் சொன்னதற்கு மன்னிப்பு. கடைசியில் இது: "என்ர வாடியில ஆறு பொம்பிளையள் வேலை செய்யினம். நான் ஒரு மாதத்துக்கு மேல நிண்டா கருவாடு புழுத்துப்போகும். அதால நான் வருவன்."

திரும்பி வருவதற்கு இப்படி ஒரு காரணத்தை என் சர்வீசில் நான் எழுதியதில்லை. தம்பியின் அழைப்புக் கடிதமும் டொக்டரின் கடிதமும் சேர்த்து அனுப்பினோம். விசா கிடைத்தது. ஆனால் அது வைகாசியில். ஒப்பரேஷன் சித்திரையிலேயே முடிந்துவிட்டது.

4. உப்பில்லாத கருவாடு

ஆனியில் அக்கா திரும்பி வந்தார். சொன்னபடி ஒரு மாதம் முடியுமுன். பேப்பரில் சுற்றிய காய்ந்த மீன் துண்டொன்றை என் மேசையில் வைத்தார். விறகு போல இருந்தது.

"உப்பே போடாயினம் நானா. குளிர்காத்திலயே காயுது. எங்கட வெயிலுக்கு இப்பிடித் தொங்கவிட்டா நாய்கூடத் திரும்பிப் பாராது."

தம்பியின் மனைவி இருவரையும் காரில் அந்த மரச்சட்டங்களடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். நான் பொய்யாக எழுதிய இடத்திலேயே அக்காவும் தம்பியும் பின்னேரம் முழுக்க இருந்திருக்கிறார்கள். கப்பலும் மரத் தேவாலயமும் பார்க்கவில்லை.

"நான் அவனை இல்லையெண்டு சொன்ன கதையைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சவன். சத்தம் வரேல்ல." அவிழ்ந்த பேப்பரை மீனில் திரும்பச் சுற்றினார். "ஏர்போட்டில என்னைக் கண்டவுடன வாய் அசைஞ்சது. என்ன சொன்னவன் எண்டு எனக்குத் தெரியும்தானே."

அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்ரனின் குரல் போனதற்கு நான் பொறுப்பில்லை. அதை அக்கா கேட்காமல் போனதற்கு நான்தான் பொறுப்பு.

அதன் பிறகு யார் வந்து எந்த நாட்டு மலையைக் கேட்டாலும், உலக மெப்பைத் திறக்குமுன் "அங்க ஆரைப் பார்க்கப் போறீங்கள்?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்று அக்கா எழுந்து வாசலுக்குப் போனார். குடையைக் கதிரையில் மறந்து விட்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தேன். "அக்கா" என்ற சொல் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.