நூற்றுப் பதினொன்றோடு ஒன்று

ஒரு வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் சோமர் ஆறு கிணற்றுக்கு மருந்து போடுவார். ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், முதல் மூன்று வீட்டுக் கிணற்றிலும் குளோரினைக் கரைத்து ஊற்றிவிட்டு, நாலாவது வீட்டில்தான் தன் உண்மையான அலுவலைப் பார்ப்பார். கிணற்றுக்கட்டடியில் நின்று வாளியைப் பார்த்தபடியே வீட்டுக்காரனிடம் இரண்டு வசனம் சொல்லுவார். மடித்த கடதாசித் துண்டு ஒன்றை அவன் கையில் வைப்பார். பிறகு மற்ற இரண்டு கிணறுகளையும் ஒழுங்காக முடித்துக்கொண்டு போவார். பட்டணத்து மேகநோய்க் கிளினிக்கின் சுகாதாரப் பரிசோதகர் அவர் என்பது ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. கிணற்றுக்கு மருந்து போடுகிற ஐயா, அவ்வளவுதான்.

நான் அதே கிளினிக்கில் இரத்தம் பார்த்தவள். பத்மாசினி என்று பெயர். உரும்பிராய்ச் சோமசேகரத்தோடு பன்னிரண்டு வருசம் வேலை செய்தேன், அதில் பாதி நாள் அவரோடு கொளுவல். ஒரு விசயத்தை நேராகச் சொல்ல அவருக்கு வராது. தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பதைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஆனால் அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. எண்பத்து மூன்று யூலையில் அவர் கொழும்பில் இருந்தார். வீடுகளுக்கு நெருப்பு வைக்க வந்தவர்கள் கையில் கடதாசி வைத்திருந்தார்கள், அதில் தமிழரின் பெயரும் வீட்டு இலக்கமும் இருந்தன. பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவர் அவரைத் தன் யன்னலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். தன் பெயரை ஒருவன் சத்தமாக வாசிப்பதை அங்கே நின்று கேட்டாராம். அகதிக் கப்பலில் வந்து இறங்கி எங்கள் கிளினிக்கில் வேலையை ஏற்ற நாளிலேயே பதிவேட்டில் இருந்து பெயர்களை எடுத்துவிட்டார். இலக்கம் மட்டும் எழுதினோம். எந்த இலக்கம் யார் என்பது அவர் தலைக்குள் இருந்தது.

“கடதாசியிலை பேர் ஏறினா, அது நாளைக்கு ஆரின்ரை கையிலை இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும் பிள்ளை?” என்பார்.

நான் சிரித்திருக்கிறேன். எண்பத்தெட்டில் இந்திய இராணுவம் கிளினிக்கைச் சோதனை போட்டபோது ஓர் அதிகாரி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். எல்லாம் இலக்கம். சலித்துப்போய் மேசையில் எறிந்துவிட்டுப் போனான். அன்றைக்குச் சோமர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. குழாயில் இலக்கம் போகும், முடிவு அதே இலக்கத்தில் திரும்பி வரும், சோமர் போய் உரியவரிடம் சொல்லுவார். ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை.

எயிட்ஸ் பற்றிய கடதாசிகள் கொழும்பில் இருந்து வரத் தொடங்கிய காலத்தில் எங்களுக்குக் கடதாசி மட்டுமே வந்தது, சோதிக்கும் மருந்து வரவில்லை. தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரமும் இல்லை, பாதையும் இல்லை. தொண்ணூற்றிரண்டில் கொழும்பு அறிக்கை ஒன்று கைக்குக் கிடைத்தது. அதில் நாட்டின் படம். மற்றப் பகுதிகளுக்கெல்லாம் புள்ளியோ கோடோ போட்டிருந்தார்கள். எங்கள் குடாநாடு வெறும் வெள்ளை. கீழே பொடி எழுத்தில் ‘தரவு இல்லை’ என்று இருந்தது. நாட்டில் நோய் எந்தப் போக்கில் போகிறது என்று ஆராய்ந்து நாற்பது பக்கம் எழுதியிருந்தார்கள், அந்த நாற்பது பக்கத்திலும் எங்கள் சனம் ஒருவர்கூட இல்லை.

சோமருக்கு அந்த வெள்ளையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. படிக்கிறவன் அங்கே நோயே இல்லை என்றுதான் எடுப்பான் என்றார். கப்பலில் போனவன் திரும்பி வருகிறான், வெளிநாட்டுக்குப் போனவன் வருகிறான், வருத்தம் மட்டும் குடாநாட்டு வாசலான ஆனையிறவில் நின்று திரும்பிப் போகுமா என்று என்னைக் கேட்டார், நான்தான் படத்தை வரைந்தவள் மாதிரி. எங்களையும் கணக்கெடுப்பில் சேருங்கள் என்று ஒரு வருசத்துக்குள் கொழும்புக்கு நாலு கடிதம் எழுதினார்.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் பதில் வந்தது. இரண்டு தாள், ஆங்கிலத்தில். கர்ப்பிணிப் பெண்களுக்கு வழமையாக எடுக்கும் மேகநோய் இரத்தத்தில் மிஞ்சியதை அனுப்பலாம், பெயர் கூடாது, இலக்கம் மட்டும், பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று இருந்தது. நான் வாசித்து விளங்கப்படுத்தினேன். இதைத்தானே இவ்வளவு காலமும் நாங்கள் செய்கிறோம் என்று சோமர் மகிழ்ந்துபோனார். இரண்டாவது தாளில், குழாய்கள் வந்து சேர்ந்ததும் அவற்றின் அடையாளம் நீக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. அதையும் நான் வாசித்தேன். ஆளை ஒருவரும் அறியமாட்டார்கள் என்பதற்கு இன்னொரு உறுதிமொழி என்று நினைத்துத் தாண்டிப் போனேன். ஆங்கிலம் படித்தவள் நான். பிழை என்னுடையது.

அந்தக் கிழமைதான் குணலட்சுமி வந்தாள். அரியாலைப் பெண், இருபத்தாறு வயது. புருசன் நடராசா வடக்குக் கடற்கரைப் பக்கத்தவன், கப்பலில் வேலை செய்தவன். ஊருக்கு வந்து ஒரு வருசம் இருமி இருமி உருகி ஆவணியில் செத்துப்போனான். சயரோகம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவன் பெட்டியின் அடியில் ஓர் ஆங்கிலக் கடிதம் கிடந்ததாம். இரண்டு மாதக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதை என்னிடம் நீட்டினாள். ஏதோ ஒரு துறைமுகத்து டொக்டர் எழுதியது. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மனைவியையும் சோதிக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. அவன் அதை ஒருவருக்கும் காட்டவில்லை.

நான் சொல்லி முடித்ததும் அவள் அழவில்லை. குழந்தையைப் பார்த்தாள். மீனாம்பிகை என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு பக்கத்தில் நின்ற சோமரிடம் திரும்பினாள்.

“எனக்கு இருக்கோ இல்லையோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ ஐயா. நான் பிள்ளைக்குப் பால் குடுக்கிறன்.”

அவளுடைய இரத்தத்தைத் தனியாக அனுப்ப வழி இருந்தது. அதற்கொரு படிவம் உண்டு. பெயர், ஊர், புருசன் பெயர், காரணம் எல்லாம் நிரப்பவேண்டும். சோமர் அந்தப் படிவத்தை மேசை லாச்சியால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். இயக்கப் பெடியள் பார்ப்பார்கள், ஆமி பார்க்கும், பிறகு அரியாலை முழுக்கப் பார்க்கும் என்றார். கணக்கெடுப்புக் குழாய்களோடு இதையும் வைத்துவிடுவோம், முடிவு இலக்கத்தில் வரத்தானே போகிறது என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. நூற்றுப் பதினொரு கர்ப்பிணிகளின் குழாய்களோடு குணலட்சுமியின் குழாயையும் சேர்த்தோம். ஓரத்தில் இருந்தால் கண்ணில் படும் என்று அதில் அறுபத்து நாலு என்ற இலக்கச் சீட்டை ஒட்டி நடுவில் வைத்தார். தடுப்பூசி கொண்டுவந்த செஞ்சிலுவைக் கப்பலில், வெறுமையாகத் திரும்பிப் போன குளிர்ப்பெட்டியில் அவை கொழும்புக்குப் போயின.

ஆறு கிழமையில் ஒரு தாள் வந்தது. அனுப்பப்பட்டவை நூற்றுப் பன்னிரண்டு. நோய்த்தொற்று உள்ளது ஒன்று. ஒத்துழைப்புக்கு நன்றி.

சோமர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார். இலக்கம் எங்கே என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் அந்த இரண்டாவது தாளின் வரி எனக்கு விளங்கியது. அந்தத் தாளைத் தேடி எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அன்றைக்கே எழுதினோம். எந்த இலக்கம் என்று மட்டும் சொல்லுங்கள், ஒரு தாயும் பிள்ளையும் காத்திருக்கிறார்கள் என்று கெஞ்சி எழுதினோம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. குழாய்கள் வந்தவுடன் வேறு இலக்கமிட்டுக் கலக்கப்பட்டன, எது எங்கிருந்து எடுத்தது என்று தங்களுக்கே தெரியாது, இந்த ஆய்வு முறையின் சிறப்பே அதுதான். அத்தோடு நூற்றுப் பன்னிரண்டு மாதிரி போதாது என்பதால் எங்கள் முடிவு நாட்டின் கணக்கில் சேராது என்றும் ஒரு வரி. அந்த ஒன்று எங்களுக்கும் உதவவில்லை, அவர்களுக்கும் உதவவில்லை.

அரியாலைக்கு நானும் கூடப் போனேன். அன்றைக்குச் சோமர் எந்தக் கிணற்றுக்கும் மருந்து போடவில்லை. நேரே குணலட்சுமியின் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார், அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேராகக் கதைத்ததை நான் அன்றுதான் கண்டேன். கிளினிக் டொக்டர் சொன்னதையும் சொன்னார்: பால்மாவுக்குப் பொருளாதாரத் தடை, தண்ணீரை நம்பேலாது, இந்த நிலைமையில் தாய்ப்பாலை நிறுத்தினால் அதுதான் பெரிய ஆபத்து, ஆனபடியால் தொடர்ந்து கொடுக்கட்டும்.

குணலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மாதப் பிள்ளை அவள் தோளில் நித்திரை.

“உங்கடை மகள் எண்டாலும் குடு எண்டு சொல்லுவியளோ ஐயா?”

சோமர் வாய் திறக்கவில்லை. ஓம் என்ற ஒரு சொல் போதும், டொக்டரும் அதைத்தானே சொன்னார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், உரும்பிராயில், அவளும் கைப்பிள்ளைக்காரி. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாவது சொல்லியிருக்கலாம். அந்த மௌனத்தை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அன்று மறுபடியும் இரத்தம் எடுத்தோம். இம்முறை பெயர் எழுதித்தான் அனுப்பினோம். அந்தக் கிழமை கப்பல் இல்லை. கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் போன ஒரு வாத்தியாரிடம் தெர்மாஸ் போத்தலில் வைத்துக் கொடுத்தோம். ஐந்து நாள் வெயிலில் போய்ச் சேர்ந்ததாம். மாதிரி பழுதடைந்துவிட்டது என்று பதில் வந்தது.

குணலட்சுமி பாலை நிறுத்திவிட்டாள். மார்பு கட்டிக் காய்ச்சல் வந்து அவள் பட்ட பாடு தனி. பிள்ளைக்குத் தண்ணீர் விட்ட பசும்பாலும் கஞ்சித் தெளிவும் கொடுத்தாள். மாசி பிறக்க வயிற்றோட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேலைன் தட்டுப்பாடு. மீனாம்பிகை ஏழாம் நாள் செத்துப்போனாள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. சோமர் செத்த வீட்டுக்குப் போய் உள்ளே போகாமல் படலையடியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினார். பிறகு ஒரு கிழமை வேலைக்கு வரவில்லை.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்ற மூன்று மாதத்தில் குணலட்சுமி தனியாகக் கொழும்புக்குப் போனாள். அங்கே ஒரு கிளினிக்கில் வரிசையில் நின்று, தன் பெயரையும் ஊரையும் தானே சொல்லி இரத்தம் கொடுத்தாள். பங்குனியில் எங்களிடம் வந்து முடிவுத் தாளை மேசையில் வைத்தாள். அவளுக்கு நோய் இல்லை. இரண்டு முறை சோதித்திருந்தார்கள்.

நான் அதை வாசித்துவிட்டுத் தலை நிமிரவில்லை. அவள் எங்களைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை.

“அப்ப ஐயா, அந்த ஒண்டு ஆர்?”

சோமர் தெரியாது என்றார். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

அந்தக் கேள்வியோடுதான் சோமர் மிச்ச நாளைக் கழித்தார். அதுவரை எங்கள் பிழையை நினைத்துத்தான் அழுதோமே தவிர, நூற்றுப் பதினொரு பேரில் யாரோ ஒருத்தியை நாங்கள் நினைக்கவே இல்லை. தன் இரத்தத்தை இதற்காகப் பார்த்தார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. சோமர் மருத்துவிச்சிகளின் கொப்பிகளைப் பார்த்து, கோப்பாய், அச்சுவேலிப் பக்கமெல்லாம் அந்தப் பெண்களின் ஒழுங்கைகளுக்குப் போய் வந்தார். போய் என்ன சொல்வது? சோதிக்க மருந்து இல்லை. நூற்றுப் பதினொரு வீட்டில் போய், உங்களில் ஒருத்திக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரவா? குழந்தைகள் தவழ்வதையும் நடப்பதையும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்லுவார். எந்தப் பிள்ளை மெலிந்திருக்கிறது, எந்தத் தாய் இருமுகிறாள் என்று சொல்லுவார். நான் ஏசினேன். இந்தப் பட்டினியில் எந்தப் பிள்ளைதான் கொழுத்திருக்கிறது என்று கேட்டேன்.

அந்த வருச ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனம் அடி அடியாக நகர்ந்தது. விடிந்து வெளிச்சம் வந்தபோது பார்த்தால் சோமர் என் பக்கத்தில் இல்லை. பாலத்துக்கு இப்பால் தெருவோரத்தில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, இரண்டு வயது ஆகாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள், உங்கள் மகளும் பேரனும் முன்னால் போய்விட்டார்கள் என்று கத்தினேன்.

“உவையளுக்குள்ளைதான் பிள்ளை, அவவும் போறா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஐந்து கிழமைதான் இருந்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் காய்ச்சலோடு கிடந்தபோதும் வாசலால் போகிற தாய்மாரைப் பார்த்தபடியே கிடந்தார். அவரை எரித்துவிட்டு வந்த பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்க்கத் தொடங்கினேன்.