கைராசிக்காரியின் முகத்துக்கு லேசர்

லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில் எனக்குக் கைராசிக்காரி என்று பெயர். கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க வருகிறவர்கள், முதல் புடவையை நான்தான் அலமாரியிலிருந்து உருவிப் பிரித்துப் போட வேண்டும் என்று காத்திருப்பார்கள். நான் எடுத்துக் கொடுத்தால் குடும்பம் தழைக்குமாம். எத்தனை தழைத்தது, எத்தனை கோர்ட்டுக்குப் போனது என்று யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. வேறு பெருமை என்னிடம் என்ன இருந்தது?

ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. இடது கண் மூட மாட்டேன் என்றது. பக்கவாதம் இல்லை, முக நரம்பில் வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, பிசியோதெரபிக்கும் அனுப்பினார்.

முதலாளிக்கு அந்தப் ‘பெரும்பாலும்’ போதவில்லை. “அக்கா, கொஞ்ச நாளைக்கு மேல ஸ்டோர்ல இருங்க லா. நல்ல காரியத்துக்கு வர்றவங்க மொதல்ல முகத்தத்தானே பாப்பாங்க” என்றார். கை அதே கைதானே என்று கேட்க வாயைத் திறந்தேன். வாய் கோணியதும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மாடிக்குப் போய் ரவிக்கைத் துணிக்கு விலைச்சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன்.

பட்டர்வொர்த் வீட்டிலிருந்து கடைக்கு ஃபெர்ரியில் வரும்போது முகக்கவசம் போட்டுக்கொள்வேன். அப்படியும் தெரிந்த பெண் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். “ஃபேன முகத்துக்கு நேரா வச்சுப் படுத்திருப்ப லா” என்றாள். ஏதோ நோயை நானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

பிசியோ செய்தது தூடோங் முக்காடு அணிந்த ஒரு தமிழ்ப் பெண். எனக்கொரு கறுப்புக் கண்ணாடி, அவளுக்கொன்று. பேனா போன்ற கருவியைக் காதுக்கு முன்னால், கன்னத்தில், உதட்டோரத்தில் என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பிடிப்பாள். இயந்திரம் கூவியதும் அடுத்த இடம். லேசர் என்றதும் சுட்டுப் பொசுக்கும் என்று பயந்து போயிருந்தேன். எறும்பு ஊர்ந்தது போலக்கூட இல்லை.

“ஒண்ணுமே தெரியலியேம்மா, வேல செய்யுதா?”

“சுட்டாத்தான் தப்புக்கா. இது லேசான வெளிச்சம். இது மட்டும் போதாது. மருந்து, எக்சசைஸ், நாள் எல்லாம் சேந்துதான் சரியாகணும். எதுனால ஆச்சுன்னு என்னாலயே பிரிச்சுச் சொல்ல முடியாது.”

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அடுத்த முகூர்த்த சீசனுக்குள் கவுண்டருக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என் கவலை. புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, ‘ஈ’ சொல்லு, ‘ஊ’ சொல்லு என்றாள். சொன்னேன். வலிந்து இழுக்காதே என்றாள். இழுக்கவில்லை. உணர்ச்சியே தராத அந்த வெளிச்சத்துக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு, தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன்.

மெல்ல மெல்ல வாய் நேரானது, கண் மூடியது. “இனிமே வர வேணாங்க்கா” என்று அவள் சொன்னபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முதலாளி என் முகத்தை, இழை பிரிந்த புடவையைப் பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கீழே வரச் சொன்னார்.

அந்த வாரமே என் தங்கை வந்தாள். மகளுக்குக் கூறைப்புடவை எடுக்க, சம்பந்தி வீட்டாரோடு. அவளுடைய கூறையை எடுத்ததும் நான்தான். சந்தோஷமாக அலமாரியில் கை வைத்தேன். அவள் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காத. ஒனக்கு நல்லாயிருச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா மொதப் பொடவைய கவுண்டர்ல நிக்கிற அந்தப் பொண்ணு எடுக்கட்டும். நீ மேல போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா லா.”

“ஏன்? மாப்ள வீட்டுல ஏதும் சொன்னாங்களா? அவங்களுக்கு யாரு சொன்னா?”

அவள் சேலைக் குவியலைப் பார்த்தாள். “நாந்தான் சொன்னேன். பெரியம்மாவுக்கு இப்படி வந்தத மறைச்சுக் கட்டிக் குடுத்தோம்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாதுல்ல.”

முதலாளி மேலே அனுப்பியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தங்கை அனுப்பியபோது படியேறக் காலே வரவில்லை.