சத்தம் ஏறாத வேகம்

எண்பதுகளின் பிற்பாதியில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான்: கியர் இல்லாத ஸ்கூட்டர். மாகேவுக்கு மாற்றலான ஓர் அதிகாரி தன்னுடையதை விற்கிறார் என்று தெரிந்ததும், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வரும் சிநேகிதனை இழுத்துக்கொண்டு தலத்தெருவில் இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன்.

“உள்ள ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட்டு,” என்றார் அதிகாரி. “வேகம் கூடக் கூட கப்பியோட தட்டு நெருங்கும், விலகும், பெல்ட்டு தானா ஏறி எறங்கிக்கும். நீங்க முறுக்குனா போதும்.”

முறுக்கினேன். பின்னால் சிநேகிதன். கியர் வண்டியில் பழகிய எனக்கு வேகம் சொல்வது மீட்டர் முள் அல்ல, காது; இன்ஜின் அலறினால் கியர் மாற்றுவேன். இதுவோ ஒரே சுருதியில் முனகியது. வண்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று நினைத்து மேலும் முறுக்கினேன். முனகல் அப்படியே இருக்க, தென்னை மரங்கள் ஓட ஆரம்பித்தன. எதிரே, வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று சாலையில் பரப்பிய கதிர். பதறி இடது கையால் கிளட்சை அமுக்கினேன். அந்த வண்டியில் கிளட்ச் ஏது? அது பின் பிரேக்.

“மாதாவே!” என்று அலறியது நான்தான். கதிர்மேல் இருவரும் குப்புற விழுந்தோம். யாருக்கும், வண்டிக்கும்கூட, ஒரு கீறல் இல்லை.

“சக்கரத்த ஏத்திட்டுப் போங்கன்னா, ஆளே உருண்டு போரடிக்கிறீங்களே அண்ணே!” என்றாள் கதிர் உதறிக்கொண்டிருந்தவள்.

சிநேகிதன் கையைப் பிடித்துக்கொண்டேன். “என் வீட்டுல தெரிஞ்சா வண்டி கெடையாதுடா. மூச்சு விடாத.”

“சத்தியமா மாப்ள.”

மறுநாள் மாலை மனைவி காப்பித் தம்ளரை டங்கென்று வைத்தாள்.

“மாதாவேன்னு கத்துனீங்களாமே? பூசைக்கே வராத ஆளு! அந்த வண்டி வாசலுக்கு வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

ஊரில் யாருக்கும் கேலிக்கதை கட்டுகிறவன் நான். அன்றோ காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு அவளோடு பூசைக்குப் போனேன். வெளியே வந்தால் மாதா கோயில் வாசலில் அதே ஸ்கூட்டர், அதன்மேல் என் சிநேகிதன்; அவனே வாங்கியிருந்தான்.

“ஏண்டா அவகிட்ட சொன்ன?”

“எனக்கு உன் உயிர்தான்டா முக்கியம்,” என்றான், துளிச் சிரிப்பில்லாமல்.

“அண்ணனுக்கு நல்ல மனசுங்க,” என்றாள் என் மனைவி.

“ஏறு மாப்ள, வீட்டுல விட்டுடறேன்.”

ஏறவில்லை என்று எழுத ஆசைதான். நல்ல வெயில்; மனைவி தெருப் பெண்களோடு நடந்துவர, நான் ஏறிவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன். காப்பி சாப்பிடக் கூப்பிடாமல் அவனை அனுப்பியது அதுதான் முதல் முறை.