கொரோனா இரண்டு தடவை வந்த வரைபடம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக் குணசுந்தரி பொருளாதாரம் படித்தவள். பொன்னேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஏழெட்டு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த வருடம் வேலை உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு ஜூன் மாதமும்தான் தெரியும். இந்த முறை நிரந்தர இடம் ஒன்று காலியானது. மூவர் குழுவின் முன்னால் பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டவேண்டும். தலைப்பு, இந்தியா, இலங்கை இரண்டின் சேவைத் துறை உற்பத்தி, அன்றும் இன்றும். கடை, வங்கி, பஸ், ஓட்டல், கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அதில் அடக்கம்.

மற்றவர்களாக இருந்தால் வருடத்துக்கு வருடம் இரண்டு கோடு போட்டிருப்பார்கள். இந்தியா கூரையை முட்டும், இலங்கை தரையோடு தரையாகக் கிடக்கும், கைதட்டிவிட்டுப் போகலாம். குணசுந்தரிக்கு அது அநியாயமாகப் பட்டது. குப்பத்தில் யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஏரியில் இறால் விழுகிற இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், அதற்குப் பாடு என்று பேர். இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவனையும் வறண்ட பாட்டில் கட்டியவனையும் ஒப்பிட்டுப் பேசினால் சிரிப்பார்கள். அதே இடத்தில் உன் முறையில் என்ன விழுந்தது, என் முறையில் என்ன விழுந்தது என்பதுதான் பேச்சு.

இலங்கை சந்தையைத் திறந்தது எழுபத்தேழில், இந்தியா தொண்ணூற்றொன்றில். சந்தை திறந்த நாளை அவரவர் முறை தொடங்கும் நாளாக எடுத்துக்கொண்டு, இரண்டு வருடத்தையும் ஒரே புள்ளியில் வைத்து, இரண்டு உற்பத்தியையும் நூறு என்று தொடங்கி, கோடுகளை ஓடவிட்டாள். கீழே முதல் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று மட்டும், கோடு பள்ளமாக இறங்கிய இரண்டு இடத்திலும் கொரோனா என்றும் எழுதினாள். ஏன் அப்படி என்று சொல்லவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

திரையில் படம் வந்தது. குழுவில் கண்ணாடி போட்டிருந்த பெரியவர் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

“ஏம்மா, கொரோனா எல்லா நாட்டுக்கும் ஒரே வருஷம்தானே வந்துச்சு? உங்க படத்துல இந்தியாவுக்கு வந்து பதினாலு வருஷம் கழிச்சு இலங்கைக்கு வருதே?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குணசுந்தரிக்குக் காது சூடாகிவிட்டது. “அது வந்து, பாடு சார், எங்க ஊர்ல...” என்று ஆரம்பித்து ஏரிக்குள் போய், கரை ஏறுவதற்குள் நேரம் முடிந்தது. மூன்று மணிக்கெல்லாம் வேறொருவர் பேரை அறிவித்துவிட்டார்கள்.

பஸ் திருப்பாலைவனம் தாண்டும்வரை அவள் அந்தப் பெரியவரை மனசுக்குள் வைது தீர்த்தாள். வருடத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத மனிதர்கள், ஏரியைக் கண்டார்களா, பாட்டைக் கண்டார்களா? அந்தக் கோபம் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

வீட்டு வாசலில் அவள் புருஷன் தேசப்பன் வலை கட்டும் கழியைச் சீவிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்தான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“நம்ம கணக்குதான் சரி. அவங்களுக்குப் புரியலங்க” என்று முடித்தாள்.

தேசப்பன் கழியைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

“கணக்கு சரிதான் குணா. மொதல்ல எந்தப் பாடுன்னு சொன்னியா?”

“இன்னாங்க?”

“நாங்க ஏலக்கடைல மீன் இவ்ளோன்னு சொல்றதுக்கு முன்னால இன்ன பாட்டுல கட்னேன்னு சொல்லுவோம்ல. அத்தச் சொல்லாம விழுந்தத மட்டும் சொன்னா, நானே நம்ப மாட்டேனே.”

அவன் குத்திக்காட்டவில்லை, கேட்டான், அவ்வளவுதான். குணசுந்தரி அந்தப் படத்தை மனசுக்குள் மறுபடி விரித்துப் பார்த்தாள். படத்தின் மேலே, சந்தை திறந்த வருடத்திலிருந்து என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்தக் கல்லூரிக்காரர்களுக்கு ஏரி தெரியாது, சரி. குப்பத்தில் பிறந்தவளுக்கு என்ன வந்தது? வைவதற்கு இனி ஆள் இல்லை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.