ஓடி ஓடிப் போன அலைவரிசை

இரண்டு வருடங்களுக்கு முன், கல்முனையில் நடந்தது. அக்காவின் கணவர், என் மச்சான், மௌத்தாகி, பக்கத்து வீட்டில் ராத்தா துக்கம் காக்கும் இத்தா இருந்த காலம். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுப் படலையைத் தாண்ட மாட்டார். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டில் நடக்கும் பெண்கள் பயானுக்கு, அந்த மார்க்க உரைக்கு, முதல் ஆளாக வருகிறவர் அவர். அந்த நாட்களில் தன் வீட்டில் கூட்டம் கூடுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. போனில் கேளுங்கள் என்றால், மச்சான் கடைசியாகக் கதைத்தது அதில்தான் என்று தொடவே மாட்டார். மிச்சமிருந்தது மச்சானின் பழைய சின்ன ரேடியோ.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சும்மா இருப்பேனா? வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் எட்டக்கூடிய சின்ன ஒலிபரப்புக் கருவி ஒன்றைச் செய்து, மைக்கோடு என் பக்கத்து மேசையில் வைத்தேன். முதல் வெள்ளி பயான் முடிந்ததும் பெருமையோடு ஓடிப்போய்க் கேட்டேன்.

“ஓம் புள்ள, கேட்டிச்சி. இடைக்கிட ஸ்டேசன் ஓடி ஓடிப் போகுது.”

பற்றரியை மாற்றினேன். கம்பிச் சுருள் அசையாமலிருக்க மெழுகு உருக்கி ஊற்றினேன். மைக்குக்குப் பக்கத்தில் மணிக்கூட்டை வைத்துவிட்டுக் குசினியில் இன்னொரு ரேடியோவில் கேட்டால், டிக் டிக் சத்தம் விலகாமல் நிற்கும். வெள்ளிக்கிழமை வந்தால் மறுபடி ஓடும். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

நான்காம் வெள்ளி ராத்தாவே சொன்னார்: “நீ தேத்தண்ணி ஊத்தப் போனா நல்லாக் கேக்குது. உன்ட வளையல் சத்தம் கிட்ட வந்திச்செண்டா ஓடிருது.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலை செய்கிறதா என்று நிமிடத்துக்கொரு தரம் கையை நீட்டிக் குனிந்து பார்த்தது நான்தான். திறந்து கிடக்கும் சேர்க்கிட்டுக்குக் கிட்டப் போனால் மனிதக் கையும் மின்னைத் தேக்கும் ஒரு கொள்ளளவிதான், அலைவரிசையை இழுத்துவிடும். வகுப்பில் அதைப் படிப்பிக்கிற எனக்கு என் கை நினைவுக்கு வரவில்லை. கருவியை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, மைக்கையும் ஏரியல் கம்பியையும் மட்டும் வெளியே விட்டு, பற்றரியின் மறை (மைனஸ்) முனையை டின்னோடு ஒட்டினேன். ஓட்டம் நின்றது.

“அப்ப நாலு கிழமையும் பாதி பயான்தானே கேட்டிருப்பீங்க ராத்தா?”

“இல்ல புள்ள, ஒரு சொல்லும் விடல்ல. நீ ஓடுற பக்கம் நானும் திருகிட்டே வந்தன். அவர்ட ரேடியோ, கையில இரிந்தா எனக்கும் ஆறுதல்தானே.”

இத்தா முடிந்து, ராத்தா இப்போது வெள்ளிக்கிழமைகளில் என் பக்கத்திலேயே உட்காருகிறார். அவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். என் அலைவரிசை விலகிய பக்கமெல்லாம் அவர்தான் தேடி வந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.