கால் கட்டைவிரலில் ஒரு வலைநூல்

பரீட்சைப் பயத்துக்கு எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. ஒருவன் படித்ததெல்லாம் கரைந்துவிடும் என்று தலைக்குக் குளிக்க மாட்டான். பக்கத்தில் உட்கார முடியாது. நாலைந்து பேர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அதே நடையில் போய்ப் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைப்பார்கள். எனக்கு வைத்தியம் கிடையாது, வியாதி மட்டும்தான். பயம் வந்தால் கால் தானாக ஆடும். வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். அப்போதைக்கு நிற்கும்; அவள் அடுக்களைக்குள் போனதும் மறுபடி ஆடும்.

என் சிநேகிதனின் பயம் வேறு ரகம். அவன் அப்பா சங்கு குளிக்கிறவர். மகனுக்கோ தோணியில் கால் வைத்தாலே குடல் வெளியே வந்துவிடும். யுத்தம் முடிந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, அடுத்த வருஷம் எங்களோடு மறுபடி எழுத வந்தான். இந்தத் தடவையும் பெயிலானால் கொழும்புத் தோணியில் வேலைக்கு ஏற்றிவிடுவதாக அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கணக்குத் தெரியாதவன் இல்லை. ஒன்று சிக்கிக்கொண்டால் அதை விட்டு நகர மாட்டான், அவ்வளவுதான். மணி அடிக்கும்வரை அதோடேயே மல்லுக்கட்டுவான்.

"சங்க விட மனசில்லாம ஒருத்தன் அடியிலயே கெடந்தான்னா, மேல தோணியில கயிறு பிடிக்கவன்தான் இழுக்கணும். எனக்கு மேல யாரும் இல்லலே," என்றான்.

பரீட்சையில் எனக்கு அவனுக்குப் பின்னால் இடம். அதனால் கொஞ்சம் வலைநூல் எடுத்து, ஒரு நுனியை அவன் கால் கட்டைவிரலிலும் மறு நுனியை என் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டோம். கை எழுத வேண்டுமே! அவன் ஒரே கணக்கில் ரொம்ப நேரம் கிடந்தால் நான் ஓர் இழுப்பு இழுப்பேன். அவன் உடனே அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கேள்வித்தாள் வந்தது. முதல் கணக்கே எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு நூலாவது, சிநேகிதனாவது! தலையை நிமிர்த்தியபோதெல்லாம் முன்னால் அவன் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். பயல் வெளுத்து வாங்குகிறானே என்று வயிறு எரிந்தது. நடுவில் ஒரு தடவை திரும்பி என்னை முறைத்தான். மேற்பார்வைக்கு வந்த வாத்தியார் அதட்டவும் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஏலே, ஒரு கணக்கையாவது முழுசாப் போட விட்டியாலே நீ?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கட்டைவிரலில் நூல் அறுத்த தடம்; கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பாவம், அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. முடிவு வருகிறவரை கொழும்புத் தோணி கரையை விட்டுப் போவதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பேப்பரில் இரண்டு பேர் நம்பரும் வந்திருந்தது. அவன் ஒரு கணக்கையும் முடிக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் தொட்டிருந்தான். பாதி வழிக்கும் மார்க் உண்டல்லவா? அதெல்லாம் சேர்ந்து கரையேற்றிவிட்டது.

அல்வாக் கடை வாசலில் நின்று அவனைக் கேட்டேன், அந்த இழுப்பு இழுத்ததற்கு நூலை அவிழ்த்து எறிந்திருக்கலாமே என்று. வாயில் அல்வாவோடு, ஒரு மடையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தான்.

"கயித்த அவுத்துட்டு எவம்லே முங்குவான்?"